மாமாவுக்கு ஒரு மெஸ் பில்

நான் வேலை பார்ப்பது சிதம்பரத்தில் ஒரு டைப்பிங் சென்டரில். ஆராய்ச்சி மாணவர்கள் கையால் எழுதிக் கொண்டுவருவதைக் கம்ப்யூட்டரில் அடித்து, பைண்டிங் வரைக்கும் போட்டுக் கொடுப்போம். போன மாதம் ஒரு பெண் ஒரு கேள்வித்தாளை அடிக்கக் கொண்டுவந்தாள். குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவைப் பற்றியது. அடித்து முடித்ததும், "அக்கா, மொத ஆளா நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றாள். முதல் கேள்வி, உங்கள் வீட்டில் வாரத்துக்கு உணவுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது. இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது என்று யோசிக்காமல் எழுதினேன். வாரத்துக்கு வாரம் கூடும், குறையும். ஆனால் எனக்கு மறக்காத வாரத்துக் கணக்கு அதுதான். இரண்டாவது கேள்வி, ஒரு குடும்பம் எவ்வளவு செலவு செய்வது சரி என்று நினைக்கிறீர்கள் என்பது. பதிலுக்கு அவள் விட்டிருந்த இடம் ஒரே ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

நாங்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், நாலாவது படிக்கும் மகள், என் மாமனார். வீட்டுக்காரருக்கு வேலை கடலூரில், ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. அதனால் வாரச் சாமான் வாங்குவது ஞாயிற்றுக்கிழமைதான். பத்து மணிக்கு இரண்டு கட்டைப்பையோடு வண்டியில் கிளம்புவோம். காய்கறி, மளிகை, மீன், முட்டை எல்லாம் சேர்த்து இவ்வளவுக்குள் என்று அவர் ஒரு தொகை சொல்வார். நான் அதைத் தாண்டுவேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீடு வந்து டீ குடித்தால் சரியாகிவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான்.

மாமா எங்களோடு வந்தது அத்தை இறந்த பிறகு. முதலில் கடலூரில் பெரிய மகன் வீட்டில் எட்டு மாதம் இருந்தார். ஒரு நாள் ஒற்றைப் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். என்ன ஆச்சு மாமா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லம்மா, அங்க பஸ் சத்தம் ஜாஸ்தி" என்றார். பெரியவர் வீடு இருப்பது ஒரு முட்டுச் சந்தில். அங்கே சைக்கிள் போவதே அபூர்வம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் முப்பது வருஷம் மாணவர் விடுதி மெஸ்ஸில் சூப்பர்வைசராக இருந்தவர். அந்த மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு நிரந்தர விலை கிடையாது. மாதக் கடைசியில் மொத்தச் செலவையும் கூட்டி, எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்களோ அந்த நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போர்டில் எழுதுவார்கள். டிவைடிங் சிஸ்டம் என்று அதற்குப் பெயர். ஊருக்குப் போகிற பையன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்குக் காசு கிடையாது. அது மெஸ் ரிடக்‌ஷன். மாமா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியும், உலகத்தில் சாப்பாட்டுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை என்பதுதான் அவர் எண்ணம்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பைகளை நான் இறக்கி வைத்ததும் கேட்டார். "வாரத்துக்கு மொத்தம் என்னாம்மா ஆவுது?"

"அது எதுக்கு மாமா உங்களுக்கு?"

"நாலால வகுத்தா என் பங்கு வந்துடும். பென்ஷன் வருது, சும்மாதான கெடக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் திட்டக்குடிப் பக்கத்துக்காரி. விவசாயக் குடும்பம். களத்துமேட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட வீடு எங்களுடையது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. "காசு வாங்கிக்கினு சோறு போடறதுக்கு இது என்னா ஹோட்டலா மாமா? இன்னொரு தடவ கேட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன். வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். "ஏம்பா, பெத்த புள்ளகிட்டயே கணக்கா? மத்தவங்க காதுல விழுந்தா என்னா நெனப்பாங்க?" மாமா சரி சரி என்று எழுந்து போய்ப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டில் விருந்தாளி மாதிரி சாப்பிட்டார். இரண்டாவது தடவை கரண்டியை நீட்டினால் தட்டின் மேல் கையை வைத்து மறைப்பார். "போதும்மா." எப்படி இருக்கிறது மாமா என்றால், "நல்லா இருக்குதும்மா." உப்பே போட மறந்த ரசத்துக்கும் நல்லா இருக்குதும்மாதான். அதே ரசத்தை என் மகள் துப்பினாள். அவருக்குக் கொத்சு பிடிக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால் ஒவ்வொரு ஞாயிறு காலையும் இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு வைத்தேன். சிதம்பரத்தில் பிறந்தவர்களுக்குக் கொத்சு என்றால் தனி மரியாதை. எங்கள் ஊர்ப் பக்கம் அது கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, என் கைக்கு வந்த மாதிரி வைப்பேன். நல்லெண்ணெய் அதற்காகவே அரை லிட்டர் கூடுதலாக வாங்குவேன். மாமா நான்கு இட்லியைத் தலை நிமிராமல் சாப்பிட்டு, நல்லா இருக்குதும்மா என்று தட்டைத் தானே கழுவி வைப்பார். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று டைப்பிங் சென்டரில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

உண்மையாகவே எனக்கு அவரைப் பிடிக்கும். மூன்றரை மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது அவர்தான். அவர் வந்த பிறகுதான் நான் ஆறு மணி வரைக்கும் நிம்மதியாக உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது. சாயங்காலம் நான் காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து, எந்த வருஷத்துப் பையன்கள் எத்தனை அப்பளம் தின்றார்கள் என்று கதை சொல்வார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

பத்து மாதம் போனது. ஒரு புதன்கிழமை ஃபிரிட்ஜ் மேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் எனக்குச் சமைக்க வேண்டாம். புவனகிரி போகிறேன்." கீழே தேதி போட்டுக் கையெழுத்து. எனக்கு வேடிக்கையாக இருந்தது. காசுதான் வாங்கமாட்டேன் என்கிறார்கள், ரிடக்‌ஷனாவது எழுதிக் கொடுப்போம் என்று நினைத்தார்போல. புவனகிரியில் அவரோடு மெஸ்ஸில் வேலை பார்த்த சமையல்காரர் ஒருவர் தனியாக இருக்கிறார். அங்கேதான் போனார். அடுத்த மாதம் சீட்டில் ஐந்து நாள். அதற்கடுத்த மாதம் ஒன்பது நாள். காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜ் மேல் சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க ஆரம்பித்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் மாமா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "நான் புவனகிரியிலயே இருந்துடலாம்னு பாக்கறேன். அவனும் ஒண்டிக்கட்ட, நானும் ஒண்டிக்கட்ட. மாசி பொறந்ததும் போறேன். கோவம் எல்லாம் ஒண்ணும் இல்ல, உங்கமேல எனக்கு ஒரு கொறையும் இல்ல." வீட்டுக்காரர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அவருக்கு அழுகை வந்தால் மாடிக்குப் போவார். எனக்கு அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. பெரிய மருமகள் வீட்டில் எட்டு மாதம், சின்ன மருமகள் வீட்டில் ஒரு வருஷம் என்று சொந்தத்தில் பேசுவார்கள். அதைக்கூடத் தாங்கலாம். மூன்றரை மணிக்கு என் மகள் பள்ளி வாசலில் யாரைத் தேடுவாள்?

என்ன குறை வைத்தோம் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். "நாமதான் சிக்கனம் பாக்கறோம். அப்பாவுக்கு மனசுல பட்டிருக்கும். இனிமே தொகையெல்லாம் கெடையாது, வேண்டியத வாங்கு." அந்த ஞாயிறு வஞ்சிரம் வாங்கினோம். ஆப்பிள், முந்திரி, நெய் என்று பைகள் பிதுங்கின. நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. மாமா அந்தப் பைகளைப் பார்த்துவிட்டுப் பூண்டு உரிக்கப் போனார். வஞ்சிரத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். இரண்டாவதுக்குத் தட்டின் மேல் கை. மறுநாள் ஃபிரிட்ஜ் மேல் சீட்டு, ஆறு நாளைக்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு புவனகிரி பஸ் ஏறினேன். மாமாவைக் கையோடு அழைத்துவந்துவிடுவது, வராவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுவது என்று முடிவு.

சமையல்காரர் வீடு வெள்ளாற்றுப் பக்கம் ஒரு தெருக்கோடியில் இருந்தது. கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மாமாவின் சத்தம் கேட்டது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"யோவ், என்னய்யா இது கொழம்பு? உப்பளத்தையே கொட்டிட்டியா?"

"உமக்கு வயசாயிடுச்சு, நாக்கு செத்துப்போச்சு. பேசாம தின்னும்" என்றார் இன்னொருவர். அது சமையல்காரர்.

"எனக்கா நாக்கு செத்துப்போச்சு? ஆயிரம் பேருக்கு ருசி பாத்த நாக்குய்யா இது. சரி, இன்னொரு மீனு போடு. வாலு வேணாம், நடுத்துண்டு போடு. பாதி காசு குடுத்துருக்கேன்ல?"

"குடுத்தாரு பெரிய காசு. வாரத்துக்கு அறநூறு. அதுக்கு ஒம்போது கொற."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கதவிடுக்கில் மாமா தெரிந்தார். கெளுத்தி மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரம் அடுக்கிக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, விரலை நக்கி, மறுபடி எதையோ குறை சொல்லி, மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒரு வருஷத்துக்கும் மேல் என் கையால் சாப்பிட்ட மனிதர் அப்படி ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. உப்பு ஜாஸ்தியான அந்தக் குழம்பின் மேல், அதை வைத்த ஆளின் மேல், வெட்கத்தை விட்டுச் சொன்னால் அந்தக் கெளுத்தி மீனின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் மாமா திடுக்கிட்டு, "வாம்மா, வாம்மா" என்று எழுந்திருக்கப் பார்த்தார். கை தானாகத் தட்டை மறைத்தது. அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சமையல்காரர் எனக்கும் ஒரு தட்டு போட்டார். உப்பு நிஜமாகவே ஜாஸ்தி. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மாமாவை வாங்க என்று நான் கூப்பிடவே இல்லை. "மாசம் பொறந்தா இங்க வந்துடப் போறீங்க. இந்த சனி, ஞாயிறாவது பாப்பாகூட இருங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சமையல்காரர்தான் பாவம், எதற்காக இவள் இவ்வளவு தூரம் வந்தாள் என்று புரியாமல் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்.

மாமா ஆறு நாள் சீட்டைப் பாதியில் முறித்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே வந்தார். சனி, ஞாயிறு எங்களோடு இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு என்று பையைத் திரும்ப எடுக்கப் போனவரைப் பேத்தி வீட்டுப்பாடத்தைக் காட்டி உட்காரவைத்துவிட்டாள். அடுத்த வாரத்தில் செவ்வாயும் புதனும் மட்டும் புவனகிரி போய் வந்தார். அந்தச் சனிக்கிழமையிலிருந்து அடுத்த வெள்ளி வரைக்கும் ஏழு நாளும் நான் ஒவ்வொன்றையும் குறித்தேன். பால், அரிசி, பருப்பு, காய், மீன், என் மகள் அடம்பிடித்து வாங்கிய பிஸ்கட் வரைக்கும். கூட்டினால் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது. மூன்று பேருக்கு ஏழு நாள், மாமாவுக்கு ஐந்து நாள், ஆக இருபத்தாறு. வகுத்தால் நாளுக்கு நூற்றுப் பத்து. மாமாவின் பங்கு ஐநூற்றைம்பது. டைப்பிங் சென்டரில் சும்மா இருந்த நேரத்தில் கட்டம் போட்டு, தேதி, மொத்தம், நாள் வீதம், செலுத்த வேண்டிய தொகை என்று அடித்து ஒரு பிரின்ட் எடுத்தேன். மேலே மெஸ் பில் என்று தடித்த எழுத்தில் போட்டேன்.

அதைப் பார்த்து வீட்டுக்காரர் கொதித்துப்போனார். "உனக்கு மூளை கீள கொழம்பிடுச்சா? அப்பா போறேன்றாரு, நீ பில்லு குடுத்து அனுப்பறியா?"

"என்னங்க, அவுரு நம்ம வீட்ல என்னிக்காவது ஒரு கொற சொல்லிக் கேட்டுருக்கீங்களா?"

"இல்ல. அதுக்கு?"

"அதுக்குத்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் தூக்கம் வரவில்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால், பில்லைக் கொடுத்து மாமனாரை வெளியே அனுப்பியவள் என்ற பெயர் செத்தாலும் போகாது.

சனிக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவிடம் அதை நீட்டினேன். அவர் வாங்கினார். மேலே எழுதியிருந்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. நான் அசையவில்லை.

"தப்பா இருக்குதும்மா" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "என்னா மாமா தப்பு?"

"ரெண்டு நாளைக்கெல்லாம் ரிடக்‌ஷன் கெடையாது. தொடர்ச்சியா மூணு நாள் இருக்கணும். எனக்கும் ஏழு நாள் போடணும்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இருபத்தாறை அடித்து இருபத்தெட்டு என்று எழுதினார். "பாப்பாவுக்கு அரை மெஸ்ஸா, முழு மெஸ்ஸா?"

"நம்ம எல்லாரையும்விட அதுதான் ஜாஸ்தி தின்னுது மாமா."

"அப்ப முழுசுதான்." வகுத்துப் பார்த்தார். "எழுநூத்திப் பதினஞ்சு. நூத்தி அறுவத்தஞ்சு ரூபா எனக்கு விட்டுக்குடுக்கப் பாத்தியே, இப்படிக் கணக்கு பண்ணா மெஸ்ஸ மூட வேண்டியதுதான்." உள்ளே போய், எண்ணி எடுத்துவந்து என் கையில் வைத்தார். பதினைந்து ரூபாய்க்குச் சில்லறை இல்லாமல் பேத்தியின் உண்டியலில் கடன் வாங்கினார். பில்லின் கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். புவனகிரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் அடுப்பைத் துடைக்கும் சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல இட்லி, கொத்சு. வீட்டுக்காரர் என் மேல் இன்னும் கோபம் தீராமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மாமா முதல் இட்லியை விண்டு கொத்சில் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். இரண்டாவது விள்ளலை எடுத்தவர் பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கையில் கரண்டியோடு நின்றேன்.

"ஏம்மா, கேக்கறேன்னு தப்பா நெனக்காத. இதுக்கு என்னா பேரு?"

"கொத்சு மாமா."

"யாரு சொன்னா? இது கத்திரிக்கா கொழம்பு. கொத்சுக்குக் கொத்தமல்லி வெதையும் மொளகாயும் வறுத்துப் பொடிக்கணும். நீ சாம்பார்த் தூளப் போட்டுக்கினு இருக்க. புளி வேற ஜாஸ்தி. ஒரு வருஷமா எப்படித்தான் இத முழுங்கனனோ தெரியல."

வீட்டுக்காரர் வாயில் வைத்த இட்லியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு பக்கம் சுர்ரென்று கோபம் ஏறியது. ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் விடிகாலையில் எழுந்து வைத்த கொத்சு. இன்னொரு பக்கம் அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது.

"அப்ப வேணாமா மாமா, எடுத்துடட்டுமா?" என்று தட்டை நோக்கிக் கையை நீட்டினேன்.

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எதுக்கு எடுக்கற? எழுநூத்திப் பதினஞ்சு ரூபா குடுத்துருக்கேன். இன்னும் ரெண்டு இட்லி வை."